ஐந்நூறா, ஆயிரத்து ஐந்நூறா? – ரிப்போர்ட்டில் காசுக்குறி படும் பாடு

ஒரு பில்லில் தொகை இப்படி அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

¹500

இதை ஒரு பெரியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆயிரத்து ஐந்நூறு என்பார். அதையே ஜெராக்ஸ் எடுத்தோ, போனில் படம் பிடித்தோ இன்னொருவருக்கு அனுப்புங்கள். கண்ணாடி போட்ட இளைஞரும் ஆயிரத்து ஐந்நூறு என்றுதான் படிப்பார். ஆனால் அந்த மென்பொருள் சொல்ல நினைத்தது ஐந்நூறு ரூபாய். முன்னால் நிற்கும் அந்தக் குட்டி 1, உண்மையில் ₹ என்ற நம் ரூபாய்க் குறி!

வேடிக்கைக்காகச் சொல்லும் உதாரணம் இல்லை இது. இணையப் பக்கத்திலிருந்தே பி.டி.எஃப். கோப்பு உருவாக்கித் தரும் ஜே.எஸ்.பி.டி.எஃப். என்ற இலவச லைப்ரரி ஒன்று உண்டு. அதன் இயல்பான எழுத்துருவை அப்படியே வைத்துக்கொண்டு ₹ போட்ட பலருக்கும் கிடைத்தது இந்தக் குட்டி 1தான்.

காரணம் எளிமையானது. யுனிகோடு ₹ குறிக்குக் கொடுத்திருக்கும் எண் 20பி9. கணினி இதை வைக்க இரண்டு பைட் வேண்டும். பி.டி.எஃப். பிறந்தபோதே அதனுடன் வந்த அடிப்படை எழுத்துருக்கள் 14. ஹெல்வெட்டிகா, டைம்ஸ், கூரியர் வகையறா. இவற்றில் ₹ கிடையாது, தமிழ் எழுத்தும் கிடையாது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில்தான் இவற்றுக்கு எழுத்து போய்ச் சேரும். அதனால் 20பி9-ல் முன்பாதியான 20 வெட்டுப்பட்டு, பி9 மட்டும் உள்ளே போகிறது. பழைய லத்தீன் எழுத்துப் பட்டியலில் பி9 என்ற இடத்தில் உட்கார்ந்திருப்பது ¹. அவ்வளவுதான் கதை. யூரோவுக்கு இதே வெட்டு விழுந்தால் ¬ என்ற குறி வரும். அதைப் பார்த்ததுமே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். ரூபாயின் கெட்ட நேரம், அது வெட்டுப்பட்டால் இன்னொரு எண்ணாகவே மாறிவிடுகிறது.

இதென்ன பெரிய விஷயம், எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடுமே என்கிறீர்களா? சரியாகிவிடும். ஆனால் எழுத்துரு இந்த நோயின் ஓர் அறிகுறி மட்டுமே. நோய் எங்கே இருக்கிறது என்று பார்க்க, பெரியகுளம் பக்கம் ஒரு நடை போய் வரலாம்.

பள்ளத்தாக்கில் எத்தனை காசு?

தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தில் நின்று பார்த்தால் டாலருக்கும் திர்ஹாமுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். பெரியகுளம் வட்டத்துக் கிராமம். சுற்றிலும் விவசாயம். ஆனால் கொஞ்சம் மேற்கே போனால் போடிநாயக்கனூர். ஏலக்காய்க்குப் பேர்போன ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

அந்த ஏலக்காயில் ஒரு பங்கு எங்கே போகிறது? சவூதி அரேபியாவுக்கும் மற்ற வளைகுடா நாடுகளுக்கும். அங்கே விருந்தினருக்குக் கொடுக்கும் கஹ்வா என்ற காப்பியில் ஏலக்காய் இல்லாமல் முடியாது. சந்தையில் போட்டிக்கு நிற்பது குவாத்தமாலா நாடு. அதன் ஏலக்காய்க்கு விலை பேசப்படுவது டாலரில். ஏலக்காயை விட்டால் தேனி மாவட்டத்து வாழைப்பழமும் வளைகுடாவுக்குக் கப்பல் ஏறுகிறது. இதற்கு எதிர்த்திசையில், அங்கே வேலைக்குப் போன பிள்ளைகளின் சம்பளம் ரியாலிலும் திர்ஹாமிலும் தினாரிலும் கிளம்பி ரூபாயாக வீடு வந்து சேர்கிறது.

ஆக, இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தின் மாதாந்தர ரிப்போர்ட்டை எடுத்தால் நான்கைந்து நாட்டுக் காசு ஒரே தாளில் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தத் தாளைத் தயாரிக்கும் மென்பொருளை எழுதுவது யார்? ஜெயமங்கலம் மாதிரியான ஊர்களிலிருந்து காலையில் பஸ் பிடித்துத் தேனிக்கும் மதுரைக்கும் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த பிள்ளைகளாகவும் இருக்கலாம். அவர்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தரப்படாத ஒன்று இதில் இருக்கிறது.

மெஷினின் காசா, பணத்தின் காசா?

ரிப்போர்ட் எழுதும் கருவிகள் எல்லாவற்றிலும் ஒரு வசதி உண்டு. ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து "இது பணம்" என்று சொல்லிவிட்டால் போதும். குறி, கமா, புள்ளி எல்லாவற்றையும் அதுவே போட்டுக்கொள்ளும். டாட்நெட்டில் எழுதுகிறவர்கள் சி என்ற ஒரே எழுத்தில் இந்த வேலையை முடித்துவிடுவார்கள். அருமையான வசதிதான். ஆனால் அந்தக் கருவி எந்த நாட்டுக் குறியைப் போடும்? அது பார்ப்பது நிரல் ஓடும் கணினியில் எந்த நாடு, எந்த மொழி என்று அமைத்திருக்கிறார்கள் என்பதை. அந்தப் பணம் எந்த நாட்டுப் பணம் என்று அது கேட்பதே இல்லை.

விளைவைப் பாருங்கள். துபாய்க்கு அனுப்பிய சரக்குக்கு 40,000 திர்ஹாம் வரவேண்டும். தகவல் தளத்தில் 40000 என்ற எண் மட்டும் இருக்கிறது. போடியில் இருக்கும் கணினியில் ரிப்போர்ட் எடுத்தால் ₹40,000.00. அதே நிரலை அமெரிக்க அமைப்புள்ள சர்வருக்கு மாற்றினால் $40,000.00. பணம் ஒன்றுதான், இரண்டு தாளும் பொய். ஒரு திர்ஹாம் 20 ரூபாய்க்கு மேல். ஆகவே முதல் தாள் உண்மையில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் காட்டவில்லை. ஒரு டாலர் 3.6725 திர்ஹாம் என்று 1997 முதல் நிலையாக வைத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டாவது தாள் மூன்றரை மடங்குக்கு மேல் ஊதிக் காட்டுகிறது.

இவ்வளவு பெரிய தவறு என்றால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது உண்மை. பயப்பட வேண்டியது சின்னத் தவறுக்குத்தான். சவூதி ரியாலும் டாலரோடு கட்டப்பட்ட காசு. டாலருக்கு 3.75 ரியால். திர்ஹாமுக்கும் ரியாலுக்கும் உள்ள வித்தியாசம் 2 சதவீதம் மட்டுமே. ரியாலில் வந்த தொகையைத் திர்ஹாம் என்று எடுத்துக்கொண்டு ரூபாய்க்கு மாற்றினால், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. 10 லட்ச ரூபாயில் ஏறத்தாழ 21,000 ரூபாய் சத்தமில்லாமல் கூடிவிடும். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போதுதான் எங்கே இடிக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் நோயின் மூலம் இருக்கிறது. எண் வேறு, குறி வேறு என்று பிரித்து, எண்ணைத் தகவல் என்றும் குறியை அலங்காரம் என்றும் நினைப்பது. 40000 என்பது தொகையே கிடையாது. 40000 திர்ஹாம் என்பதுதான் தொகை. எண்ணைச் சேமிக்கும்போதே அதன் காசையும் பக்கத்துக் கட்டத்தில் சேமித்தாக வேண்டும். அச்சிடும்போது அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் குறி போட வேண்டும்.

அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கைமாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் இருக்கிறது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்துபோனது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டுக் கணக்கில் எண்களைக் கொடுத்தது. இன்னொரு மென்பொருள் அவற்றை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. எண்கள் எல்லாம் சரி, அலகுதான் இல்லை. உலகின் தலைசிறந்த பொறியாளர்களுக்கே இந்தக் கதி என்றால் மாதக் கடைசியில் இரவு பத்து மணிக்கு ரிப்போர்ட் எடுப்பவரைக் குறை சொல்ல முடியுமா?

தமிழ் என்றால் எந்தக் காசு?

"மொழியைத் தேர்ந்தெடுத்தால் காசு தானாக வந்துவிடும்" என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி. மொழி தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் எந்தக் காசு வர வேண்டும்? இந்தியாவில் ரூபாய். இலங்கையிலும் ரூபாய், ஆனால் அது வேறு ரூபாய். மலேசியாவில் ரிங்கிட். சிங்கப்பூரில் டாலர், அதுவும் அமெரிக்க டாலர் இல்லை. ஒரே தமிழுக்கு நான்கு காசு! கணினி அமைப்புகளிலும் தமிழ்–இந்தியா, தமிழ்–இலங்கை, தமிழ்–மலேசியா, தமிழ்–சிங்கப்பூர் என்று நான்கு வகை இருக்கின்றன. மொழி வாசிக்கிறவரைப் பொறுத்தது, காசு பணத்தைப் பொறுத்தது. போடியில் இருக்கும் வியாபாரி தமிழில் படிப்பார். அவருக்கு வர வேண்டிய பணம் ரியாலாக இருக்கும். இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதுதான் தவறு.

"ரூ." என்று போட்டால் போதும் என்பதும் இதனால்தான் எப்போதும் சரிவராது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரிஷியஸ் எல்லாமே தங்கள் காசை ரூபாய் என்றே அழைக்கின்றன. டாலர் என்று சொல்லிக்கொள்ளும் நாடுகளோ இன்னும் அதிகம். இந்தக் குழப்பத்துக்கு 1978-லேயே தீர்வு வந்துவிட்டது. ஐ.எஸ்.ஓ. 4217 என்ற தரத்தில் ஒவ்வொரு காசுக்கும் மூன்றெழுத்து. முதல் இரண்டு பெரும்பாலும் நாட்டைக் குறிக்கும், மூன்றாவது காசின் பெயரைக் குறிக்கும். இந்திய ரூபாய் ஐ.என்.ஆர்., இலங்கை ரூபாய் எல்.கே.ஆர்., சவூதி ரியால் எஸ்.ஏ.ஆர்., அமீரக திர்ஹாம் ஏ.இ.டி. சாதாரண ஆங்கில எழுத்துகள் என்பதால் பெரும்பாலான பழைய எழுத்துருக்களிலும், பிரின்டர்களிலும் வரும். வெட்டுப்பட்டு வேறொன்றாக மாறாது.

புதுக்குறி வந்தால் பழைய மெஷின் என்ன செய்யும்?

தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்டது. யுனிகோடில் அதற்கு இடம் கிடைத்தது அதே ஆண்டு அக்டோபரில். இடையில் இருந்த மாதங்களில் ஆர்வம் தாங்காதவர்களுக்காக ஃபோரேடியன் என்ற நிறுவனம் ஓர் எழுத்துருவை இலவசமாக வெளியிட்டது. விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையை அழுத்தினால் ₹ தெரியும். அன்றைக்கு அது நல்ல உதவிதான். ஆனால் கோப்புக்குள் உண்மையில் இருந்தது ` என்ற சின்னக் கோடு மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ` 500 என்றுதான் தெரியும். அந்த ஆண்டில் தயாரான கோப்புகளில் இன்றும் இந்தக் கோட்டைப் பார்க்கலாம்.

அந்தக் கதை இப்போது வளைகுடாவில் மறுபடி நடக்கிறது. சவூதி அரேபியா 2025 பிப்ரவரியில் ரியாலுக்குப் புதுக்குறி அறிவித்தது. அடுத்த மாதமே அமீரகம் திர்ஹாமுக்குப் புதுக்குறி அறிவித்தது. ரியால் குறி 2025 செப்டம்பரில் வந்த யுனிகோடு 17-ல் சேர்ந்திருக்கிறது. அழகான குறிகள்தான். ஆனால் போடியில் ஐந்து வருடம் பழைய கணினியில் அவை கட்டமாகத்தான் தெரியும். கட்டத்துக்குப் பக்கத்தில் 40,000 என்று இருந்தால் அது யார் வீட்டுக் காசு?

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு பட்ஜெட் இலச்சினையில் ₹-க்குப் பதில் "ரூ" வந்தபோது எவ்வளவு பெரிய விவாதம் நடந்தது! எது நம் அடையாளம் என்று இரண்டு பக்கமும் வாதாடினார்கள். அது தேவையான விவாதமா என்பது அவரவர் அரசியல். ரிப்போர்ட் எழுதுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசியில் தாளை வாங்குகிறவர் கண்ணுக்கு அது சரியாகத் தெரிகிறதா? தமிழ்க் கணக்கு எழுத்தில் ரூபாய்க்கு ௹ என்று தனிக்குறியே இருந்திருக்கிறது. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்றும் குறிகள் உண்டு. 2003-ல் இவை யுனிகோடில் ஏறின. ஓர் எண்ணை எழுதினால் அது என்ன, வரவா பற்றா, எந்தக் காசு என்று பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. எண்ணைத் தனியாக விடுவது கணினி வந்தபிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

சரி, என்னதான் செய்வது?

1. தொகை இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் மூன்றெழுத்துக் காசுக் குறியீட்டையும் சேர்த்தே சேமிக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிறகு எது எந்தக் காசு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

2. தாளில் ஒரே காசுதான் என்றால் ரூ. அல்லது ₹ போதும். இரண்டு காசு வந்துவிட்டால் குறியை மட்டும் நம்பாமல் பத்தியின் தலைப்பிலோ வரியிலோ மூன்றெழுத்தை எழுத வேண்டும். நறுமணப் பொருள் வாரியம் வெளியிடும் ஏலக்காய் ஏல விவரத்தைப் பாருங்கள். விலைப் பத்தியின் தலைப்பிலேயே கிலோவுக்கு ரூபாய் என்று போட்டிருப்பார்கள். எளிமையான வழி, யாருக்கும் குழப்பமில்லை.

3. வேறு வேறு காசைக் கூட்டக் கூடாது. ரிப்போர்ட் கருவியின் கூட்டல் வசதிக்கு வெட்கம் கிடையாது. 1,000 ரூபாயையும் 100 டாலரையும் கூட்டி 1,100 என்று கொடுத்துவிடும். காசுவாரியாகத் தனித்தனிக் கூட்டுத்தொகை போட வேண்டும். ஒரே காசாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எந்தத் தேதி, என்ன விகிதம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

4. எல்லாக் காசுக்கும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் கிடையாது. ஜப்பான் யென்னுக்கு ஒன்றுமே இல்லை. குவைத், பஹ்ரைன் தினாருக்கும் ஓமன் ரியாலுக்கும் மூன்று. 12.345 தினாரை 12.35 என்று சுருக்கினால் 5 ஃபில்ஸ் கூடிவிடும். குவைத் தினார் ஒன்று 250 ரூபாய்க்கு மேல் என்பதால் அது ஒரு ரூபாய்க்கும் அதிகம். ஆயிரம் வரி உள்ள ரிப்போர்ட்டில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கமாவும் புள்ளியும் வாசிக்கிறவரைப் பொறுத்தவை. இங்கே 12,34,567. வெளிநாட்டாருக்கு 1,234,567. ஜெர்மனியில் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. இதை மட்டும் வாசகரின் நாட்டைப் பார்த்து மாற்றலாம். காசை மாற்றக் கூடாது.

6. பி.டி.எஃப். உருவாக்கினால் ₹-ம் தமிழும் உள்ள எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து அனுப்ப வேண்டும்.

இதற்கு மறுப்பு வரும். "ஐ.என்.ஆர். என்று எழுதினால் நம் ஊர் விவசாயிக்குப் புரியுமா?" நியாயமான கேள்வி. அவருக்குக் கொடுக்கும் சீட்டில் ரூபாய் மட்டுமே இருக்கும். அதில் "ரூ." என்று தமிழில் போட்டு, தொகையை எழுத்தாலும் எழுதிவிடலாம். காசோலையில் எழுத்தால் எழுதச் சொல்வதும் இதற்காகத்தானே. "வாடிக்கையாளர் அழகாக இருக்க வேண்டும் என்கிறாரே" என்பது இன்னொரு மறுப்பு. அழகாகவும் இருக்கட்டும். தப்பான தொகையை அழகாக அச்சடித்து அவருக்கு என்ன பயன்?

இதில் நஷ்டப்படுவது பெரும்பாலும் மென்பொருள் எழுதினவர் இல்லை, அதை வாங்கின முதலாளியும் இல்லை. தாளைக் கடைசியில் கையில் வாங்குகிறவர்தான். ஏலத்துக்கு ஆறு மூட்டை அனுப்பிவிட்டுச் சீட்டுக்குக் காத்திருப்பவர். ஷார்ஜாவில் இருக்கும் மகன் அனுப்பிய ரசீதை போனில் பெரிதாக்கிப் பார்க்கும் அம்மா. அந்தத் தாளைச் சரிபார்க்க அவர்களிடம் வேறு கணக்கு கிடையாது. கம்ப்யூட்டர் போட்டது, சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள்.

கடைசியாக, ப்ராஜெக்ட் செய்துகொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. உங்கள் மென்பொருளில் இந்திய ரூபாய், இலங்கை ரூபாய், சிங்கப்பூர் டாலர், சவூதி ரியால், குவைத் தினார் ஒவ்வொன்றிலும் 500 என்று ஐந்து வரி போடுங்கள். பிரின்ட் எடுங்கள். ஜெராக்ஸும் எடுங்கள். அந்த ஜெராக்ஸை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்தையும் அவர் சரியாகப் படித்துவிட்டால் நிரலைச் சமர்ப்பித்துவிடலாம். "ஆயிரத்து ஐந்நூறு" என்று ஆரம்பித்தால், வைவா தேதி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.